சுற்றிழையின் வேகம்: மதராஸ் மென்துணியும் மேற்குச் சென்னையின் தறிகளும்

1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவரான பிரான்சிஸ் டே, சோழமண்டலக் கரையில் புதிய வணிகத்தளத்துக்கு இடம் தேடியபோது, இயற்கைத் துறைமுகம் இல்லாத, அலையடிப்பு மிகுந்த ஒரு மணற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குத் துணியே முதற்காரணம். அதற்கு வடக்கே ஆர்மகானில் கம்பெனி கொடுத்துவந்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மலிவாக இங்குத் துணி கிடைக்கும் என்று அவர் கணக்கிட்டார். அந்நிலப்பகுதி வந்தவாசியிலிருந்து ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடற்கரைப் பகுதியைக் கவனித்துவந்தார். ஆகவே சென்னை என்ற நகரத்தின் தோற்றத்தில், இன்று அதன் மேற்குப் புறநகராகிவிட்ட பூந்தமல்லிக்கும், அதன் சுற்றுவட்டார நெசவுக்கும் நேரடியான பங்கு உண்டு.

ஆயினும் துணிக்காகவே உருவான இந்நகரம், துணி நெய்யும் கருவியை மேம்படுத்திய நகரமாக வளரவில்லை. இந்த இடைவெளி எவ்வாறு உருவாயிற்று என்பதைத் தெளிவாகக் காட்டக்கூடிய துணிவகை ஒன்று உண்டு. லீனோ என்று ஆலைத்தொழிலில் வழங்கப்படும் அந்நெசவு, அதிலும் சித்திர வேலைப்பாடு கொண்ட லீனோ, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'மதராஸ்' என்ற வணிகப்பெயரோடு உலகச் சந்தையில் விற்கப்பட்டது. அதனை நெய்த விசைத்தறிகளோ ஸ்காட்லாந்தில் ஓடின.

கம்பெனி தன் துணித்தேவைக்காக நெசவாளரைக் குடியேற்றுவதில் பெரிதும் அக்கறை காட்டியது. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை ஆளுநர் காலெட்டின் காலத்தில் உருவானது. 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட்டின் காலத்தில் கூவம் ஆற்றின் வளைவுக்குள் சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டு, நூற்போர், நெய்வோர், துணிக்கு வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோர் அங்கு அமர்த்தப்பட்டனர். வணிகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணியைப் பெறுவதே அக்கால முறை. அம்முறையில் கொள்வோரின் கவனம் துணியின் அளவு, தரம், விலை ஆகியவற்றின்மீதே நிலைத்திருந்தது. குழித்தறியையோ, அதில் இழைகளைத் தூக்கும் விழுதையோ, அவற்றைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சையோ மாற்றியமைக்கப் பணம் இடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை. நெசவாளரின் கைத்திறன் குறைந்த கூலிக்குக் கிடைத்தவரை, கருவியின் திருத்தம் வணிகக் கணக்கில் இடம்பெறவில்லை.

லீனோ நெசவின் சிக்கலைப் புரிந்துகொள்ள அதன் அமைப்பை முதலில் அறிய வேண்டும். சாதாரண நெசவில் பாவு இழைகள், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டப்பட்ட இழைகள், ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கின்றன. விழுதுகள் அவற்றைத் தூக்கியும் தாழ்த்தியும் உண்டாக்கும் திறப்பின் வழியே ஊடை இழை, அதாவது குறுக்குவாக்கில் செல்லும் இழை, நாடாவால் கொண்டுசெல்லப்படுகிறது. லீனோவில் பாவு இழைகள் இணை இணையாகப் பிரிக்கப்படுகின்றன. ஓர் இணையில் ஒன்று தன் இடத்திலேயே நிற்கும் நிலையிழை. மற்றொன்று ஒரு முறை அதன் வலப்புறத்திலும் அடுத்த முறை இடப்புறத்திலும் எழும்பும் சுற்றிழை. ஒவ்வொரு ஊடைக்கும் இவ்விரண்டும் தம்முள் முறுக்கிக்கொள்வதால் ஊடை அவற்றின் பிடியில் அசையாமல் நிற்கிறது. அதனால்தான் இழைகளுக்கிடையே அகன்ற இடைவெளி விட்டு நெய்தாலும் லீனோத் துணி கலையாது, இழை நழுவாது. கொசுவலை, திரைச்சீலை, சல்லடைத் துணி போன்று காற்றும் ஒளியும் ஊடுருவ வேண்டிய துணிகளுக்கு இந்நெசவு ஏற்றதாக அமைந்தது இதனாலேயே.

இந்த வலிமையே விசைத்தறியில் பெரும் தடையாகவும் ஆயிற்று. சுற்றிழையை நிலையிழைக்கு அடியில் நுழைத்து மறுபுறம் எழுப்புவதற்குச் சாதாரண விழுது போதாது. முழு விழுதோடு பிணைந்த அரை விழுது ஒன்று தேவை. முற்காலத்தில் இவ்வரை விழுது நூலாலேயே செய்யப்பட்டதால், இடைவிடாத உராய்வில் விரைவாகத் தேய்ந்து அறுந்தது. மேலும், சுற்றிழை தன் சொந்தப் பக்கத்தில் எழும்பும்போது வேண்டிய நீளத்தைவிட மறுபக்கத்தில் எழும்பும்போது கூடுதல் நீளம் வேண்டும்; அந்நீளத்தை அந்தந்தக் கணத்தில் விட்டுக்கொடுக்க, தறியின் பின்புறத்தில் முன்னும் பின்னும் அசையும் தளர்த்தும் கோல் ஒன்று பொருத்தப்பட்டது. நிலையிழையைப் பாதி உயரத்துக்குத் தூக்கிச் சுற்றிழைக்கு வழிவிடும் உலுக்கி இயக்கமும் அதனுடன் சேர்ந்தது. இரு வகை இழைகளிலும் வெவ்வேறு நீளம் செலவாவதால் பெரும்பாலும் இரண்டு பாவு உருளைகள் தேவைப்பட்டன. எளிய பருத்தித் துணியை நெய்யும் லங்காஷயர் விசைத்தறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 ஊடைகளைப் போட்ட காலத்திலும், லீனோத் தறியை அந்த வேகத்தில் ஓட்ட இயலாமற்போனதற்கு இவ்வியக்கங்கள் அனைத்தும் ஒரே நொடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டியதே காரணம். நாடாவை விரைவாக எறிவது எளிதாயிருந்தது. சுற்றிழையை அறுக்காமல் விரைவாகத் திருப்புவதே அரிதாயிருந்தது.

சித்திரம் சேரும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. 1804-இல் பிரான்சில் உருவான ஜாக்கார்டு பொறி, துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி ஒவ்வொரு பாவு இழையையும் தனித்தனியே தூக்க வல்லது; ஆனால் ஒவ்வொரு சுற்றிழைக்கும் அரை விழுதையும் தளர்த்தும் அமைப்பையும் ஜாக்கார்டோடு பிணைத்தால் பொறியின் சுமை கூடி வேகம் மேலும் குறைந்தது. இதற்கு ஸ்காட்லாந்தின் மதராஸ் நெசவு கண்ட தீர்வு, வேலையைப் பிரிப்பதாக இருந்தது. அத்துணியில் அடித்தளம் முழுவதும் ஒரே சீரான மெல்லிய லீனோ. பூவும் கொடியும் அதன்மேல் தடித்த, மென்மையான கூடுதல் ஊடையால் உருவாகின்றன. இழைகளைக் குறுக்காகத் திருப்பும் பணி, கண்ணுடைய குட்டைப் பற்களைக் கொண்ட தனி அச்சு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜாக்கார்டுக்கு எஞ்சியது சித்திரம் வேண்டிய இடத்தில் கூடுதல் ஊடையைப் பாவோடு பிணைப்பது மட்டுமே. சித்திரமில்லாத இடங்களில் அவ்வூடை பிணைபடாமல் தொங்கும். நெசவு முடிந்தபின் அத்தொங்கலைக் கத்தரிப்பொறி வெட்டி நீக்க, மெல்லிய தளத்தின்மேல் பூ மட்டும் நிற்கும். நூல் வீணாவதை ஏற்றுக்கொண்டு தறியின் ஓட்டத்தைக் காத்த ஏற்பாடு இது.

இந்நெசவு அயர்ஷயரின் இர்வின் பள்ளத்தாக்கில், டார்வெல், நியூமில்ன்ஸ் ஆகிய சிற்றூர்களில் வேரூன்றியது. இந்திய மஸ்லினைப் பார்த்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தில் தொடங்கிய மென்துணி நெசவின் மரபில் வந்த கைத்தறியாளர்கள் அங்கு வாழ்ந்தனர். 1876-இல் அலெக்சாண்டர் மார்ட்டன் டார்வெலுக்குச் சரிகைப்பின்னல் திரைச்சீலைப் பொறியைக் கொண்டுவந்தபின், அப்பள்ளத்தாக்கு முழுவதும் திரைச்சீலைத் தொழிலின் மையமாயிற்று. பொறியமைப்பவரும் வடிவமைப்பவரும் தறி ஓட்டுபவரும் ஒரே ஊரில் இருந்ததால், தறியில் கண்ட குறை உடனுக்குடன் திருத்தப்பட்டது. 1900-இல் நியூமில்ன்ஸில் தோன்றிய மார்ட்டன் யங் அண்ட் போர்லாண்ட் நிறுவனம் அம்மரபை இன்றும் தொடர்ந்து வருகிறது.

அதே காலத்தில் சென்னையில் நடந்தவை வேறு திசையில் சென்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அதிகாரியான ஆல்ஃபிரெட் சாட்டர்டன், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைச் சென்னைக் கலைப்பள்ளியில் சோதித்து, அதனைப் பரப்பச் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் ஒன்றை நடத்தினார். அரசே தொழில் நடத்துவதை இலண்டன் விரும்பாததால் அது 1910-இல் மூடப்பட்டது. மறுபுறம், பின்னி நிறுவனம் பெரம்பூரில் 1876-இல் பக்கிங்காம் ஆலையையும் சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையையும் தொடங்கியது. இரண்டும் 1920-இல் ஒன்றாயின. இந்தியாவில் தானியங்கித் தறிகளைத் தொடக்கத்திலேயே பெருமளவில் நிறுவிய ஆலைகளுள் இதுவும் ஒன்று. நாடாவுக்குள் ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்தவுடன் தறியை நிறுத்தாமலே புதிய தாரைத் தானே மாற்றிக்கொள்ளும் அத்தறியின் ஆதாயம், ஒரு தொழிலாளி பல தறிகளைக் கவனிப்பதில் அடங்கியிருந்தது. பாவு இழை அடிக்கடி அறுந்தால் அந்த ஆதாயம் கரைந்துவிடும். ஆகவே அத்தகைய தறிகள், இழை அறுதல் குறைந்த திண்ணிய துணிகளையே நாடின. பெரம்பூர் ஆலைகளின் புகழும் காக்கி, சீருடைத் துணிகளாலேயே வளர்ந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது.

விடுதலைக்குப்பின் வந்த கொள்கை நெசவைக் கைத்தறி, ஆலை, விசைத்தறி என மூன்றாகப் பிரித்தது. துணித்தொழிலை ஆராய்ந்து 1954-இல் அறிக்கை அளித்த கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்றது. கைத்தறியாளரின் வாழ்வாதாரத்தைக் காக்க வேண்டும் என்ற வாதமோ 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம்வரை வலுப்பெற்றது. கூட்டு ஆலைகள் தறிகளை விரிவாக்குவதற்குத் தடைகள் இருந்தன. இவ்விரண்டுக்கும் இடையே, ஆலைகள் கழித்த பழைய தறிகளை வாங்கி ஓட்டிய சிறு விசைத்தறிக்கூடங்கள் பெருகின. மேற்குப் புறநகரங்களுக்கு அப்பால், திருவள்ளூர் மாவட்டத்தின் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் லுங்கி நெய்யும் விசைத்தறிகள் இவ்வாறே நிலைத்தன. சில தறிகளே உள்ள ஒரு குடும்பம், அறுந்த இழையைக் கட்டுவதில் நாளைக் கழிக்கும் லீனோவை மேற்கொள்ளாமல், கட்டம்போட்ட எளிய துணியைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

புறநகரங்களில் பொறியியல் திறன் குறைவாக இருந்ததால் தறி உருவாகவில்லை என்று கூற இயலாது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது; ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது; 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை திறக்கப்பட்டபின் கடைசல், அச்சுவார்ப்பு, எஃகுத் தகட்டு வேலை ஆகியவற்றில் தேர்ந்த சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆனால் அவற்றின் வாடிக்கையாளர்கள் வாகனத் தொழிலைச் சேர்ந்தோர். துணிப்பொறித் தொழிலின் தென்னக மையமாகக் கோயம்புத்தூர் ஏற்கெனவே உருவாகியிருந்தது. துணியும் இப்பகுதிக்கு வந்தது, ஆயினும் நெய்து முடிந்த துணியாகவே வந்தது. 1961-இல் ஆவடியில் தொடங்கிய படைத்துறை உடைத் தொழிற்சாலை சீருடைகளைத் தைத்தது; பின்னர் அம்பத்தூரில் பெருகிய ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கூடங்கள் வெட்டுவதையும் தைப்பதையுமே மேற்கொண்டன. தறியும் பட்டறையும் தையற்கூடமும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், அவற்றை இணைக்கும் தொழிற்கண்ணி உருவாகவில்லை.

லீனோவின் வேகத்தடை அகன்றது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நூலாலான அரை விழுதுக்குப் பதிலாகத் தட்டையான எஃகு விழுது வந்ததும், தேய்வால் நேர்ந்த நிறுத்தங்கள் குறைந்தன. 1950-களில் வணிகத்துக்கு வந்த சுல்சர் எறிவுத்தறியும், அதன்பின் வந்த ரேப்பியர், காற்றுவிசைத் தறிகளும் நாடாவையே நீக்கின. நாடா திரும்பி வராத தறியில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் அறுபட்ட நுனியோடு நிற்பதால், கரை பிரியாமலிருக்க ஏதேனும் பிணைப்பு வேண்டியிருந்தது. அதற்கு லீனோவே மிகுதியாகப் பயன்பட்டது. மெதுவான நெசவு என்று ஆலைகள் ஒதுக்கிய அமைப்பு, மிக விரைவான தறிகளின் இரு ஓரங்களிலும் சில இழைகளாக இன்றியமையாத இடத்தைப் பெற்றது. அந்தச் சில இழைகளை அதே வேகத்தில் திருப்புவதற்காகச் சுழலும் தட்டுகள் போன்ற அமைப்புகள் உருவாயின. முழு அகலத்துக்கும் லீனோ நெய்வதற்கு ஜெர்மானிய டோர்னியர் நிறுவனம் உருவாக்கிய அமைப்பு, அரை விழுதையே விட்டுவிட்டு, இழைகளை ஊசிக்கண்களில் கோத்துப் பக்கவாட்டில் நகர்த்தும் கோல்களால் குறுக்கிடச் செய்கிறது. இழையின்மீது உராயும் பாகங்களைக் குறைப்பதே இத்திருத்தங்களின் பொதுவான போக்கு.

இன்று மேற்குச் சென்னையில் லீனோ மிகுதியாகக் காணப்படும் இடம் 1996-இல் தொடங்கிய கோயம்பேடு மொத்த விற்பனைச் சந்தை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டத்தோடு வந்து இறங்கும் வலைச்சாக்குகளில் பல, பாலிப்புரொப்பிலீன் பட்டையிழைகளால் வட்டத்தறியில் நெய்த லீனோ. அவ்வட்டத்தறிகளை இந்தியாவிலேயே, கான்பூரின் லோகியா நிறுவனம் செய்துவருகிறது. சந்தையில் பெருந்தேவை நிலையாக இருந்து, பொறி செய்வோருக்கும் சாக்கு நெய்வோருக்கும் இடையே தொடர்பு உண்டானபோது இந்தியப் பட்டறைகளாலும் லீனோவை விரைவாக நெய்யும் தறியை உருவாக்க முடிந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே சென்னை வட்டாரம் சித்திர லீனோவுக்குரிய விசைத்தறியை உருவாக்காமற்போனதைத் திறன் குறைவாகக் கொள்வது பொருந்தாது. இர்வின் பள்ளத்தாக்கில் தறியின் குறையைக் கண்டவரும் அதைத் திருத்தியவரும் திருத்தத்தால் பயன்பெற்றவரும் ஒரே தொழிலுக்குள் இருந்தனர். சென்னையிலோ கம்பெனியின் முன்பணமுறை தொடங்கி, ஆலையின் சீருடைத் துணி, ஒதுக்கீட்டுச் சட்டம், ஏற்றுமதித் தையற்கூடம் என ஒவ்வொரு காலத்தின் ஏற்பாடும் நெய்பவரையும் கருவி செய்பவரையும் வெவ்வேறு வழிகளில் வைத்தது. நெசவின் வேகத்தைப் பற்றிய எந்தத் திட்டமும் புதிய தறிக்குத் தரும் கடனோடும் மின்சாரச் சலுகையோடும் நின்றுவிடாமல், பொதட்டூர்பேட்டையின் தறிக்கூடத்தையும் அம்பத்தூரின் கடைசல் பட்டறையையும் ஒரே வேலையில் சந்திக்க வைப்பதாக இருத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறு வலியுறுத்துகிறது.