மல்லாவி வைத்தியசாலையும் அழியாத பதிவேடும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய் பிரதேசத்தில் உள்ள சிற்றூர் மல்லாவி. 1996 ஆம் ஆண்டு 'சத்ஜெய' இராணுவ நடவடிக்கையில் கிளிநொச்சி வீழ்ந்தபோது, அங்கிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இடம்பெயர்ந்த மக்கள் இவ்வூரிலும் சூழவுள்ள காடுகளிலும் நிறைந்தனர். மல்லாவி வைத்தியசாலை வன்னியின் முக்கிய மருத்துவ நிலையங்களுள் ஒன்றாயிற்று. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் அங்கு பணிபுரிந்தனர். அந்நாளில் நோயாளர் விபரங்கள் யாவும் கையெழுத்து ஏடுகளிலேயே இருந்தன.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் பதிவுகள் இருவகைப்படும். விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் குறிப்பு வைத்தியசாலையின் ஏட்டறையில் இருக்கும். நீரிழிவு, இருதய நோய் போன்றவற்றுக்காகத் தொடர்ந்து வருவோரின் கிளினிக் கொப்பி அவரவர் கையில் இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு இக்கொப்பியையும் ஒரே பையில் கட்டிக்கொண்டு இடம்பெயரும் வழக்கம் அப்படியே உருவானது. ஏட்டறையைச் சுமந்து செல்ல எவராலும் இயலவில்லை.

2008 செப்டெம்பர் தொடக்கத்தில் மல்லாவி இராணுவத்தின் வசமாயிற்று. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. தர்மபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என வைத்தியசாலைகளும் மக்களோடு இடம்பெயர்ந்தன. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக ஏறத்தாழ 14,000 காயமுற்றோரையும் நோயாளரையும் உடன்சென்றோரையும் வெளியேற்றியது. எறிகணை வீச்சுக்கிடையே சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் ஒழுங்கான ஏட்டை எதிர்பார்க்க முடியாது. எனினும் குண்டுச் சிதறல்களை இன்றும் உடலில் சுமந்து வாழ்வோருக்கு, அன்று தமக்கு என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்பது அவசியமான செய்தி.

அங்கு பணிபுரிந்த மருத்துவர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோர் இழப்புகளை அன்றாடம் வெளியுலகுக்கு அறிவித்தனர். மே மாதம் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். ஜூலை 8 ஆம் திகதி கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டபோது, தாம் முன்னர் கூறிய எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றனர். காவலில் இருந்தவர்களின் கூற்று அது என்பதை மறத்தலாகாது. இன்றுவரை அந்த எண்ணிக்கை குறித்த வழக்காடல் ஓயவில்லை.

கிளிநொச்சி வீழ்ந்த மறுநாள், 2009 ஜனவரி 3 ஆம் திகதியிட்டு, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர் கொண்டவர் பிட்கொயினின் முதலாவது தொகுதியை உருவாக்கினார். அன்றைய லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் தலைப்பொன்றை அவர் அதில் பொதித்து வைத்தார். பிளொக்செயின் எனப்படும் தொகுதிச் சங்கிலி நடைமுறைக்கு வந்தது இவ்வாறுதான். இதன் மூல எண்ணம் இன்னும் பழையது. ஹேபர், ஸ்டொர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1991 இல் ஆவணங்களுக்கு அழிக்கவியலாத கால முத்திரை இடும் முறையை வகுத்தனர். ஆவணத்தைச் சுருக்கிக் கைரேகை போன்றதோர் எண்ணெழுத்துத் தொடராக்கி, 1995 முதல் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் வாரந்தோறும் அச்சிட்டனர். ஆவணத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை மாறிவிடும். பொய்யாக்க விரும்புபவர் உலகெங்கும் உள்ள பத்திரிகைப் பிரதிகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். பத்திரிகைத் தொழிலில் இருந்த எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தந்தது.

மருத்துவத் துறையில் இம்முறையை முன்னெடுத்த நாடுகளுள் எஸ்தோனியா ஒன்று. அங்கு நோயாளர் விபரம் சங்கிலியில் ஏற்றப்படுவதில்லை. அது வழமையான தரவுத்தளத்தில் இருக்க, அதன் கைரேகை மட்டுமே சங்கிலியில் பதியப்படுகிறது. யாரேனும் பின்னர் திருத்தினால் அது வெளிப்பட்டுவிடும்.

வன்னிக்கு இது பொருந்துமா? மூன்று செய்திகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, கைரேகை மூல ஏட்டை மீட்டுத் தராது. ஏட்டின் பிரதிகள் வேறிடங்களிலும் இருந்தாக வேண்டும். 2021 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் தரவுகள் அரச மேகக்கணினியிலிருந்து அழிந்தமை நமக்கு அண்மைப் பாடம். இரண்டாவது, சங்கிலி எழுதியதைக் காக்குமேயன்றி எழுதியவரைக் காக்காது. மருத்துவர் ஒருவர் பின்னர் வேறுவிதமாகக் கூற நேர்ந்தாலும் அவர் முதலில் எழுதியது அப்படியே இருக்கும் என்பதே அதன் பயன்.

மூன்றாவதே முக்கியமானது. போர் நடந்த மண்ணில் ஒரு காயத்தின் குறிப்பே அதனைச் சுமந்தவர் மீது சந்தேகத்தை எழுப்பக்கூடும். அழியாத பதிவு தவறான கைகளில் அழியாத குற்றச்சாட்டாகிவிடும். ஆதலால் அதனைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதே முதற் கேள்வி. கிளினிக் கொப்பியை மடியில் கட்டிக்கொண்டு நடந்த வன்னித் தாய்மார் அதற்கு முன்னரே விடை கூறிவிட்டனர்: அது நோயாளியிடமே இருக்க வேண்டும்.