தாத்தாவின் பைனாகுலரும் இரண்டு அம்புகளும்

பர்மாக் காட்டில் எங்கள் தாத்தா ஒரு ஜப்பான் அதிகாரியை மடக்கிப் பிடித்து, அவர் கழுத்திலிருந்து கழற்றி வந்ததுதான் அலமாரி மேல்தட்டில் இருக்கும் பைனாகுலர். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் சித்தப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தியைவிட்டு எழுந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஜப்பான்காரர் கொஞ்சம் உயரமாகிக்கொண்டே வந்தார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பீல்டு கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலம் முழுக்க அந்தப் பைனாகுலர் என் தோளில்தான் தொங்கியது. ஓய்வுக்குப் பிறகுதான் அதன் வழியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு அதையே பார்க்க நேரம் கிடைத்தது.

ராணுவப் பைனாகுலர் எந்த ஊரில் பிறந்தது என்பதற்கு யாரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். கண் வைக்கும் பக்கத்தில், இரண்டு குழாய்களுக்கும் தோள் மாதிரி இருக்கும் தகடுகளைத் துடைத்துப் பார்த்தால் போதும். எங்களுடையதில் ‘பைனோ. பிரிஸம். நம்பர் 2 மார்க் 2’, பக்கத்தில் ‘6’, கீழே ‘கெர்ஷா’, 1940, ஒரு வரிசை எண். எல்லாம் ஆங்கில எழுத்தில், வெள்ளை மை கரைந்துபோய். கெர்ஷா என்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கம்பெனி. ‘காலி’ என்ற பெயரில் சினிமா புரொஜெக்டர் செய்து விற்றவர்களும் அவர்கள்தான். ஜப்பான் கண்ணாடி என்றால் ‘நிப்பான் கோகாகு’ போல அவர்கள் கம்பெனி ஒன்றின் முத்திரை இருந்திருக்கும். ஜெர்மனியுடையதில் அதுகூட இருக்காது. போர் நடுவில் தொழிற்சாலைப் பெயரை எதிரி தெரிந்துகொள்ளக் கூடாதென்று மூன்று சின்ன எழுத்துகளை மட்டும் பொறித்தார்கள். பி-எல்-சி என்றிருந்தால் ஜெனா நகரத்து ஜைஸ். குன்னூரில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அவருடைய அப்பா வட ஆப்பிரிக்காவில் இருந்தவர்; அந்த வீட்டுக் கதையும் தகட்டு எழுத்தும் ஒத்துப்போயின. எங்கள் வீட்டில் ஒத்துப்போகவில்லை.

தகட்டில் இன்னொரு குறியும் உண்டு. மூன்று கோடு சேர்ந்த ஒரு அம்பு, அடியில் ஆங்கில ‘ஐ’. அகல அம்பு எனப்படும் இந்தக் குறி, பல நூற்றாண்டுகளாக ஆங்கிலேய அரசாங்கம் தன் சொத்தின்மேல் போட்டுவந்தது. பீரங்கி, கூடாரத் துணி, கைவிலங்கு எதையும் அது விட்டுவைக்கவில்லை. அடியில் ‘ஐ’ இருந்தால் அது இந்திய அரசாங்கத்தின் ராணுவச் சரக்கு. ஆக, லீட்ஸில் பிறந்து இந்தியக் கிடங்குக் கணக்கில் ஏறிய பொருள் இது. ஜப்பான்காரர் கழுத்துக்கு இது போயிருக்க வேண்டுமானால், முதலில் அவர்தான் நம்மிடமிருந்து பிடுங்கியிருக்க வேண்டும்.

சித்தப்பா இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: “அப்போ தாத்தாவுக்குச் சர்க்கார் குடுத்ததுடா.” தாத்தா ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸில் லாரி டிரைவர். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். பைனாகுலர் கிடைத்தது அதிகாரிகளுக்கும், பீரங்கிப் படையில் இலக்குப் பார்ப்பவர்களுக்கும், முன்னணியில் ஆள் நடத்தும் சிலருக்கும்தான். அரிசி மூட்டை ஏற்றிப்போகிற லாரி டிரைவருக்கு எதற்குக் கொடுப்பார்கள்? கொடுத்திருந்தாலும் ஊருக்கு அனுப்பும்போது கையெழுத்து வாங்கித் திருப்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள். சட்டைப் பொத்தானுக்கே கணக்குக் கேட்ட ராணுவம் அது.

வழக்கைத் தீர்த்தது தகட்டின் மூலையில் இருந்த ஒரு சின்ன நட்சத்திரம். கீறல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு அகல அம்புகள், மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. அரசாங்கம் ஒரு பொருளை முறைப்படி விற்றுத் தன் உரிமையைக் கைவிட்டது என்பதற்கு அடிக்கும் குறி அது. அந்த இரட்டை அம்பு இல்லாத சரக்கு வெளியாள் கையில் இருந்தால் திருட்டு என்ற சந்தேகம் வரும். இருந்தால், காசு கொடுத்து வாங்கியது.

பாட்டி உயிரோடு இருந்தபோது சொன்னதற்கு அன்றைக்கு யாரும் காது கொடுக்கவில்லை. “சண்டையில புடுங்குனதாம்! மதராஸ்ல ஏலத்துச் சாமான் விக்கிறவன்கிட்ட காசைக் கொட்டிக் குடுத்துட்டு வந்தாரு. அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம்.” 1945-க்குப் பிறகு டிஸ்போசல் இலாகா ஜீப், லாரி, கம்பளி, பூட்ஸ் என்று போர்ச் சரக்கையெல்லாம் விற்றுத் தள்ளிய காலம். எஞ்சியது மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் வருடக்கணக்கில் புரண்டது. மாடு வாங்காத கோபம் பாட்டிக்குக் கடைசிவரை தீரவில்லை. வீரக்கதையைவிட இந்தக் கதைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு டிரைவர், நான்கு வருடம் அதிகாரிகள் கழுத்தில் மட்டும் பார்த்த ஒரு பொருளை, போர் முடிந்ததும் தன் காசில் வாங்குகிறார். அதில் ஒரு ரோஷம் இருக்கிறது.

ஆங்கிலேய ராணுவத்துக்கு இந்தச் சரக்கின்மேல் இத்தனை பிடி இருந்ததற்குக் காரணம் முதல் உலகப் போர். பட்டகம் வைத்த பைனாகுலரை 1894-ல் நல்ல முறையில் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது ஜைஸ் கம்பெனி. லென்ஸுக்கு வேண்டிய உயர்ரகக் கண்ணாடியையும் இங்கிலாந்து பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. 1914-ல் போர் வந்ததும் விற்றவனே எதிரி. பட்டாளத்துக்குப் பைனாகுலர் போதவில்லை. குதிரைப் பந்தயத்துக்கும் வேட்டைக்கும் வைத்திருப்பதை இரவல் கொடுங்கள் என்று பீல்டு மார்ஷல் ராபர்ட்ஸ் பிரபு பொதுமக்களிடம் கேட்டார். வந்தவற்றுக்கு எண் பொறித்து, போர் முடிந்ததும் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். இந்த ராபர்ட்ஸ் நமக்கு அந்நியரல்ல. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதி. கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிவந்த காலம் அது. இரவல் கேட்ட அதே ஆண்டு நவம்பரில், பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களைப் பார்க்கப் போன இடத்தில் நிமோனியாவில் இறந்தார்.

நீலகிரியில் இப்படிப்பட்ட கண்ணாடிகள் வீட்டுக்கு வீடு கிடைப்பதில் ஆச்சரியமில்லை. வெலிங்டன் பாரக்ஸ் 1850-களிலேயே எழும்பியது. அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை. 1947-ல் குவெட்டா ஸ்டாஃப் காலேஜின் இந்தியப் பகுதியும் வெலிங்டனுக்கு வந்தது, மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமையிடமும் அங்கேதான். தோட்டத் துரைமார்களுக்கென்று குதிரைப்படைத் தன்னார்வலர்களும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள் இந்தக் குளிருக்காகவே தங்கிவிட்டார்கள். பீல்டு மார்ஷல் மானெக்‌ஷாகூடக் குன்னூர்க்காரராகத்தான் வாழ்ந்து முடித்தார்.

எங்கள் கண்ணாடி போரில் என்ன பார்த்ததோ, எஸ்டேட்டில் பார்த்தது எனக்குத் தெரியும். காலையில் கொழுந்தெடுக்கப் பெண்களை அனுப்புமுன் மேட்டில் ஏறி, சரிவில் காட்டெருமை படுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். தேயிலைச் செடிக்கு மேல் முதுகு மட்டும் கருப்பாகத் தெரியும். வெறுங்கண்ணுக்கு அது பாறை. ஆறு மடங்கு பெரிதாக்கினால் பாறை காதை ஆட்டும். ஒரு குழாயின் உள்ளே கோடுகள் தெரியும், குண்டு விழுந்த இடம் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்க. ஆயிரம் கஜ தூரத்தில் ஒரு பாகை என்றால் பதினேழரை கஜம். நான் அதை வைத்து மாட்டுக்கும் மேஸ்திரிக்கும் இடையிலான தூரத்தைக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருக வேண்டும். புதிதாக வாங்குபவர்களுக்கு இது எரிச்சல். ஆனால் நடுவில் சக்கரம் இல்லாததால்தான் தூசியும் ஈரமும் உள்ளே போகும் வழி குறைகிறது. ஒருமுறை சரிசெய்துவிட்டால் தூரத்துக்கு மறுபடி தொட வேண்டியதே இல்லை. வரையாடு பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்கு வேண்டியிருந்ததில்லை. 2024-ல் தமிழக வனத்துறை எடுத்த கணக்கில் 1,031 வரையாடுகள் என்று படித்தபோது, அவற்றில் சிலதையாவது நானும் எண்ணியிருப்பேன் என்று தோன்றியது.

நடுவில் சக்கரம் இல்லாவிட்டாலும் ஈரத்தை முழுக்கத் தடுக்க முடியவில்லை. வடகிழக்கு மழை மாதங்களில் பட்டகத்தின்மேல் சிலந்திவலை போலப் பூஞ்சை படரும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு வைத்தார் தாத்தா. அதனால்தான் இத்தனை வருடம் தாங்கியது, தோல் உறைக்கும் புகை வாசனை ஏறியது. அந்த உறையின் மூடிக்கு அடியில் 1918 என்று அச்சு. கண்ணாடியைவிட 22 வயது மூத்தது. முந்தைய போரில் வேறு எதையோ சுமந்துவிட்டு இதற்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறது. கிடங்குகளில் உறையும் கண்ணாடியும் ஜோடி மாறுவது சகஜம்.

சுற்றுலாக் கடைகளில் பளபளக்கும் பித்தளைத் தூரக்கண்ணாடியில் ‘ராஸ் லண்டன்’ என்று அடித்து, பழைய ராணுவச் சாமான் என்று விற்கிறார்கள். வெயிலில் மின்னும் எதையும் எந்தச் சிப்பாயும் கழுத்தில் போட்டுக்கொண்டு மேட்டில் நின்றிருக்க மாட்டான். உண்மையானவற்றுக்குக் கருப்புப் பூச்சுதான், விளிம்புகளில் தேய்ந்து உலோகம் எட்டிப்பார்க்கும்.

போன வருடம் கோயமுத்தூரில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் பூஞ்சை எடுக்கக் கொடுத்தேன். தகட்டை உரசிப் புதுக்கருப்பு பூசித் தரட்டுமா, நல்ல விலைக்குப் போகும் என்றார். வேண்டாம் ஐயா, உள்ளே மட்டும் துடையுங்கள், வெளியே ஒரு அம்பையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடியே செய்து கொடுத்தார். சித்தப்பாவிடம் இரட்டை அம்பை லென்ஸ் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ அந்த ஜப்பான்காரனும் ஏலத்துலதான் வாங்கியிருப்பான்” என்றார்.