சந்திரனுக்குப் போன உள்சட்டை

அந்தச் சட்டை பிறந்தது 1960களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில். விமானிகள் உடைக்குள் வெந்துபோகாமலிருக்க, உள்ளாடையில் மெல்லிய குழாய்களை ஓட்டி அவற்றில் குளிர்நீரைப் பாயவிட்டார்கள். யோசனையை நாசா எடுத்துக்கொண்டது. 1969இல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் இறங்கியபோது விண்வெளி உடைக்கு உள்ளே போட்டிருந்தது இதன் தம்பியைத்தான்.

பிறகு அது வந்து சேர்ந்த இடம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் மார்பு. இந்நோயில் நரம்பின் மேலுறை அரிக்கப்பட்டிருக்கும். உடற்சூடு அரை டிகிரி ஏறினாலே போதும், அந்த இடத்தில் சமிக்ஞை தடைப்படும். கண் மங்கும், கால் இழுக்கும். உடல் ஆறினால் எல்லாம் பழையபடி. உடலை வருத்திய பின் பார்வை மங்குவதை 1890இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்தார். எம்.ஆர்.ஐ. வருமுன் நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்தே நோயை உறுதிசெய்ததும் உண்டு. அந்தப் பயத்திலேயே மருத்துவர்கள் நெடுங்காலம் உடற்பயிற்சியை விலக்கச் சொன்னார்கள். பயிற்சி உடலைத் தேற்றவே செய்கிறது என்று யூட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது 1996இல்தான்.

சட்டையை 84 பேரிடம் சோதித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. நடையிலும் பார்வையிலும் சிறு முன்னேற்றம், களைப்பில் குறைவு. மாயம் ஒன்றும் நடக்கவில்லை. இன்று விற்பவற்றில் பல, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுக்கும் பொதிகளைச் செருகிக்கொள்ளும் பாரமான மேலங்கிகள்.

ஊவா மலைநாட்டில், பசறையிலோ தெமோதரையிலோ தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு அப்படியொன்றை வரவழைப்பது, என் கணக்கில், வீண் செலவு. நடக்கத் தொடங்குமுன் உடம்பைக் குளிர்விப்பதில்தான் சூட்சுமம். இடுப்பளவு குளிர்நீரில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் பயிற்சி செய்தவர்கள் அதை நன்றாகத் தாங்கினார்கள் என்று ஒரு சிறு ஆய்வு 2000இல் சொன்னது. தண்ணிக்கு மலையில் பீலி இருக்கிறது. ஆனால் பீலியடி வழுக்கும். காலில் பலமில்லாதவரை அங்கே அனுப்பக்கூடாது. வாளியில் பிடித்துவந்து, இஸ்தோப்பில் கதிரை போட்டு, முழங்கால் வரை நனையவைத்து, பிடரியில் ஈரத்துவாய் போட்டால் போதும்.

ஊவாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற மணத்தைத் தரும் வறண்ட கச்சான் காற்று, ஈரத்துணியையும் சட்டென்று உலர்த்தி உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கொழும்பின் புழுக்கத்தில் அதே துவாய் கொதகொதவென்று கிடக்கும். காற்று உலர்ந்தது என்பதற்காக உச்சி வெயிலில் ஏற்றம் ஏறிவிடக்கூடாது. விடியலில், கூரைத் தகரம் சுடுமுன், பாதி ஏறி நின்று, மூச்சு வாங்கி, மீதியை ஏறலாம்.

தோலில் மரப்பு உள்ளவர்களுக்குக் குளிர் கடிப்பது தெரியாது. ஐஸை நேரே வைக்கக்கூடாது. உடல் ஆறிய பிறகும் பலவீனம் ஒரு நாளுக்கு மேல் நின்றால் அது வெயிலின் வேலையாக இராது, நோய் புதிதாகத் தாக்கியிருக்கலாம். பீலித்தண்ணியை நம்பிக்கொண்டிருக்காமல் பதுளை ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க வேண்டும்.