பேர் பதியாமல் ஓடும் மென்பொருள்

சொந்தமாகக் கொம்பியூட்டர் இல்லாதவருக்கு எப்போதும் இன்னொருவரின் மேசைதான் கதி. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் கணினி பழகியது பாடசாலையின் கணினி அறையிலும் டவுன் நெட் கஃபேயிலும்தான். 2005 முதல் நாடெங்கும் திறக்கப்பட்ட நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்களும் அதே தேவைக்காக வந்தவை. அங்கே ஒரு கட்டுரையை அடித்துப் பென் டிரைவில் போட்டு எடுத்துவரலாம். அடுத்த இடத்தில் செருகினால் சிக்கல் தொடங்கும். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வேண்டிய மென்பொருளை நிறுவலாம் என்றால் பொறுப்பாளரின் கடவுச்சொல் கேட்கும். செய்த வேலை கூடவே வந்தது, செய்த கருவி வரவில்லை. அந்தக் கருவியும் சட்டைப் பையில் ஏறிய கதை இது.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்ததல்ல. 1980களில், டொஸ் காலத்தில், வேர்ட்ஸ்டார் போன்ற மென்பொருள் ஒரு ஃபிளொப்பிக்குள் அடங்கிவிடும். எந்தக் கணினியில் அந்தத் தட்டைச் செருகினாலும் அங்கேயே ஓடும். மென்பொருள் என்றால் சில கோப்புகள், அவ்வளவுதான். கோப்புகளைப் படியெடுத்தால் மென்பொருளையே படியெடுத்ததாகும்.

விண்டோஸ் வந்ததும் ஒழுங்கு மாறியது. நினைவகமும் வட்டு இடமும் விலை கூடியிருந்த காலம் அது. பல மென்பொருள்களுக்கும் பொதுவான பகுதிகளை டிஎல்எல் கோப்புகளாக ஒரே இடத்தில் வைத்து எல்லாரும் பகிர்ந்துகொள்ளச் செய்தார்கள். 1992இல் விண்டோஸ் 3.1 ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற சிறிய பதிவேட்டைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 95இல் அது கணினி முழுவதற்குமான பதிவேடானது. அதன்பின் ஒரு மென்பொருளை நிறுவினால் அதன் உடல் ஒரு கோப்புறையில், உறுப்புகள் சில சிஸ்டம் கோப்புறையில், அமைப்புகள் ரெஜிஸ்ட்ரியில் என்று சிதறிக் கிடக்கும். தோட்டத்தில் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் பதிந்தவரைத்தான் வேலைக்குக் கூப்பிடுவார்கள். ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார் என்பதற்காக அங்குள்ள செக்ரோலில் பேர் தானாக ஏறிவிடாது. கோப்புறையை மட்டும் புதிய கணினிக்குத் தூக்கிப்போன மென்பொருளுக்கும் அதே நிலைதான்: வந்து நிற்கும், வேலை செய்யாது.

இதைக் கடக்க இரண்டு வழிகள் பிறந்தன. முதலாவது, பதிவையும் சேர்த்தே பெயர்த்துச் செல்வது. லாப்லிங்க் நிறுவனத்தின் பிசிமூவர் பழைய கணினியில் சிதறிக் கிடக்கும் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி வரிகளையும் தேடித் திரட்டிப் புதிய கணினியில் அதனதன் இடத்தில் வைக்கிறது. தின்ஸ்டால் என்ற கருவி இன்னொரு விதமாக யோசித்தது: மென்பொருளைச் சுற்றி ஒரு போலி ரெஜிஸ்ட்ரியையும் போலிக் கோப்பமைப்பையும் கட்டி, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கியது. 2008இல் விஎம்வேர் அதை வாங்கித் தின்ஆப் என்று பெயரிட்டது. தின்ஆப் பெரிய நிறுவனங்களின் தேவைக்கும் பணப்பைக்கும் பொருந்தியது. பிசிமூவருக்கு இரண்டு கணினிகளிலும் முழு அனுமதி வேண்டும். இரவல் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது.

அவருக்கான வழி இரண்டாவது. பதியவே தேவையில்லாதபடி மென்பொருளைச் செய்துவிடுவது. இதற்கு முதலில் ஒரு பை வேண்டியிருந்தது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 2000இல் தம்டிரைவ் என்ற பென் டிரைவைக் காட்டியது. அதே ஆண்டு முடிவில் ஐபிஎம், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்த 8 மெகாபைட் டிரைவை விற்பனைக்கு விட்டது. கொள்ளளவு சில ஆண்டுகளில் நூறு மெகாபைட்டைத் தாண்டியதும், கோப்போடு மென்பொருளுக்கும் அதில் இடம் கிடைத்தது.

2004 மார்ச்சில் ஜோன் ஹாலர் என்ற நிரலாளர் பென் டிரைவிலிருந்தே ஓடும் ஃபயர்ஃபொக்ஸை வெளியிட்டார். அவர் ஃபயர்ஃபொக்ஸைத் திருப்பி எழுதவில்லை. அதற்கு முன்னால் ஒரு சிறிய ஏவு நிரலை நிறுத்தினார். புக்மார்க், அமைப்புகள், நீட்சிகள் எல்லாம் டிரைவுக்குள்ளேயே இருக்கின்றன என்று அது உலாவிக்கு வழிகாட்டியது. இந்த முறை மேலும் வளர்ந்தது. ரெஜிஸ்ட்ரி தேவைப்படும் மென்பொருளானால், ஏவு நிரல் அந்தக் கணினியில் ஏற்கெனவே உள்ள வரிகளைப் பத்திரப்படுத்திவிட்டு டிரைவில் உள்ளவற்றை ஏற்றும். மூடும்போது நம்முடையதை எடுத்துக்கொண்டு அவர்களுடையதைத் திரும்ப வைக்கும். தண்டர்பேர்டும் ஓப்பன் ஆபிஸும் இதே வழியில் வந்தன. போர்ட்டபிள்ஆப்ஸ் என்ற பெரும் தொகுப்பு இப்படித்தான் உருவானது. லினக்ஸ் உலகில் சைமன் பீட்டர் அதே 2004இல் தொடங்கிய கிளிக் திட்டம், ஒரு மென்பொருளுக்கு ஒரே கோப்பு என்ற ஆப்இமேஜாக வளர்ந்தது.

சான்டிஸ்க்கும் எம்-சிஸ்டம்ஸும் சேர்ந்து யு3 என்ற போட்டி முறையைக் கொண்டுவந்தன. அதற்கென்று செய்த டிரைவில்தான் அது முழுதாக வேலை செய்யும். சில ஆண்டுகளில் அது மறைந்தது. ஹாலரின் வழி நிலைத்தது. யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற திறமூல உரிமம் இல்லாவிட்டால், வெளியே இருந்த ஒருவர் ஃபயர்ஃபொக்ஸைத் தொட்டே இருக்க முடியாது. நுட்பத்தைவிட அந்த உரிமமே இந்தப் பிறப்புக்குத் தாய் என்பேன்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. யுனிகோட் என்ற பொதுக் குறிமுறை வந்ததால் எழுத்து எங்கு போனாலும் எழுத்தாகவே தெரிந்தது. தமிழ்நாட்டின் விசுவநாதன் 2000இல் வெளியிட்ட அழகி, பின்னாளில் அழகி+ ஆகி, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து தமிழ் தட்டச்ச வழிசெய்தது. எழுத்தோடு எழுதுகோலும் பயணம் செய்யத் தொடங்கியது.

ஆபத்தும் கூடவே வந்தது. 2008இன் இறுதியில் பரவிய கொன்ஃபிக்கர் கிருமி பென் டிரைவுகளிலும் தொற்றியது. செருகியதும் தானாக ஓடும் வசதியை யுஎஸ்பி டிரைவுகளுக்கு விண்டோஸ் 7 நிறுத்தியது அதற்குப் பிறகுதான். இரவல் கணினியில் செருகும் எவரும் முதலில் கிருமிச் சோதனை செய்வது இன்றும் கட்டாயம்.

எல்லாம் இணையத்தில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மலைச்சரிவில் சிக்னல் விழாத லயன் வீடுகள் இருக்கின்றன. டேட்டாவுக்குப் போடும் காசு பல குடும்பங்களுக்குச் சின்னக் காசு அல்ல. லிப்ரே ஆபிஸின் போர்ட்டபிள் வடிவம், அழகி+, யுனிகோட் எழுத்துருக்கள் அத்தனையும் இலவசம். ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கும். ஓ.எல். வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு தோட்டப் பிள்ளையின் கையிலும் அப்படி ஒன்றைக் கொடுப்பதை மலையகப் பாடசாலைகளும் நூலகங்களும் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கணினி வாங்கிக்கொடுக்க முடியாத இடத்திலும் கணினியில் செய்யும் வேலையைப் பிள்ளைக்குச் சொந்தமாக்க முடியும்.