வயாவும் மசக்கையும்

உண்டதை உடல் ஏற்க மறுக்கும் நிலையைக் குமட்டல், உவட்டல், ஓங்கரிப்பு எனத் தமிழ் பலவாறு வழங்கும். கருவுற்ற மகளிர்க்கு நேரும் குமட்டலுக்கு மட்டும் மசக்கை என்னும் தனிச்சொல் உண்டு. இதற்கு முன்னோடியாக நின்ற பழஞ்சொல் வயா; வயவு எனவும் வரும். குமட்டலைச் சுட்டும் பிற சொற்கள் வெறுப்பில் பிறந்திருக்க, வயா விருப்பத்தில் பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

தொல்காப்பியர் உரியியலில் வயாவுக்கு வேட்கைப் பெருக்கம் என்றே பொருள் உரைக்கிறார். வெளிப்படையான சொற்களை விடுத்து, பொருள் எளிதில் புலப்படாத சொற்களுக்கே அவ்வியல் விளக்கம் தருகிறது. எனவே அவர் காலத்திலேயே இச்சொல் விளக்கம் வேண்டி நின்றது எனலாம்.

சங்கப் புலவர்கள் இவ்வேட்கையை நுட்பமாகக் கையாண்டுள்ளனர். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் உண்ணார் என்கிறார் (புறம். 20). மண்ணுண்ணும் ஆசை அங்கே மன்னனின் வலிமைக்குச் சான்றாகிறது. நீர் சுமந்து மலையேறும் மேகத்துக்குப் பசும்புளி வேட்கையுடைய சூல்மகளிரை உவமையாக்குகிறார் கச்சிப்பேட்டு நன்னாகையார் (குறுந். 287). இரு பாடல்களிலும் முன்னிற்பது அவர்கள் விரும்பிய பொருளே; வெறுத்த உணவு பேசப்படவில்லை.

கொங்குவேளிரின் பெருங்கதையில் நரவாண காண்டத்தின் முதற்பகுதி ‘வயாக் கேட்டது’ என்றே பெயர் பெற்றுள்ளது. வாசவதத்தை வான்வழியே செல்ல விழைகிறாள். அவ்விழைவு கேட்டறியத்தக்கதாக, நிறைவேற்றத்தக்கதாகக் கருதப்பெற்றது.

பிற்காலத்தில் பெருவழக்குற்றது மசக்கை. முயல் மொசல் என்றும், உயரம் ஒசரம் என்றும் பேச்சில் திரிதல் போல, மயக்கத்தின் அடியாக மசக்கை தோன்றியது எனக் கொள்ள இடமுண்டு. இவ்வாறு கொண்டால், வேட்கை இருந்த இடத்தில் தளர்ச்சி வந்து அமர்ந்தது எனலாம். ஆயினும், ‘மசக்கைக்காரி கேட்டதைக் கொடு’ என்னும் ஊர் வழக்கில் பழம்பொருள் உயிரோடிருக்கிறது.

இன்று மருத்துவ உரையாடலில் ‘குமட்டல் இருக்கிறதா’ என்னும் வினாவே எஞ்சுகிறது. நோய்க்கு அவ்வினா போதும். பெண்ணின் மனத்துக்கு ‘என்ன வேண்டும்’ என்னும் வினாவும் தேவை. அவ்வினாவைத் தன்னுள் அடக்கிய வயா அகராதியில் உறங்குகிறது. அதனை எழுப்பும் கடமை கவிஞர்க்கு உரியது.