ஆட்டக்காரரைத் தேடும் கண்கள்

மாலை வேளையில் சிறுவர்கள் விளையாடக் கூடும்போது ‘உத்தி’ பிரிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழச் சமமான திறமையுள்ள இருவர் சேர்ந்து சற்றுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். “தாமரை வேண்டுமா, அல்லி வேண்டுமா?” என்று கேட்பார்கள். தாமரை யார், அல்லி யார் என்பது தலைவனுக்குத் தெரியாது. அவன் ஒன்றைச் சொல்ல, அந்தப் பெயருக்குரியவன் அவன் பக்கம் சேருவான். மற்றவன் எதிர்ப் பக்கம் போவான். இதனால் இரு பக்கமும் பலத்தில் சமமாகின்றன. தலைவனின் விருப்பு வெறுப்புக்கும் அங்கே இடமில்லை.

கோடிக் கணக்கில் பணம் புழங்கும் தொழில்முறை அணிகளுக்கும் இதே சிக்கல்தான். நல்ல ஆட்டக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தவர்களை எப்படிப் பங்கிடுவது? இவ்விரு கேள்விகளுக்கும் காலந்தோறும் கிடைத்த விடைகளை இங்கே பார்ப்போம்.

கல்கத்தாவுக்கு எட்டிய பெயர்கள்

நம் நாட்டில் கால்பந்தாட்டத்தின் தலைநகரமாக நெடுங்காலம் விளங்கியது கல்கத்தா. 1934-ஆம் ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் அணி கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முன் எந்த இந்திய அணியும் அதை வென்றதில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அதனிடமே இருந்தது. வங்காளத்துக்கு வெளியேயும் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்தது இந்த வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம்.

பின்னர் ஈஸ்ட் பெங்கால் அணியின் செயலாளர் ஜோதிஷ் குஹா அதே வழியில் சென்றார். பெங்களூரிலிருந்து அகமது கான், தன்ராஜ், வெங்கடேஷ், காக்கிநாடாவிலிருந்து அப்பா ராவ், கேரளத்திலிருந்து சாலே. ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயர் பெற்ற இந்த ஐவர் முன்வரிசையில் நிற்க, 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை அந்த அணி வென்றது.

அன்று ஒருவரது திறமை செய்தித்தாள் வழியாகவும், ஆட்டம் பார்த்தவர்களின் வாய்மொழியாகவுமே பரவியது. ஆகவே பெரிய போட்டி நடக்கும் ஊரில் இருந்தவர் எளிதில் கண்ணில் பட்டார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை வகித்த தாலிமெரன் ஆவ் நாகா மலைப் பகுதியில் பிறந்தவர். மருத்துவம் படிக்கக் கல்கத்தா வந்தவர் மோகன் பகான் அணியில் ஆடினார்; நாடு அவரை அறிந்தது. மலையிலேயே இருந்திருந்தால்?

அந்த ஒலிம்பிக்கில் இந்தியா சந்தித்த எதிரணி பிரான்சு. மைசூர் ராஜ்யத்தின் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். ஆயினும் இந்தியா 1–2 என்று தோற்றது. அன்றைக்குக் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அரசலாற்றங்கரைச் சிறுவன் ஒருவனுக்குச் சட்டப்படி ‘தன் நாட்டு அணி’ பிரான்சு அணிதான்! 1954 நவம்பர் முதல் நாள் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரான்சும் மீண்டும் மோதி 1–1 என்று சமன் செய்தபோது அச்சிறுவனின் அணி மாறியிருந்தது. ஆனால் அவனைத் தேடி வரும் கண்கள் மட்டும் அப்போதும் தொலைவில்தான் இருந்தன.

கடைசி அணிக்கு முதல் உரிமை

அமெரிக்காவில் ‘கால்பந்து’ என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு ஆட்டம். ஆனால் ஆட்டக்காரரைப் பங்கிடும் ‘டிராஃப்ட்’ என்னும் முறை அங்கேதான் உருவாயிற்று. பணமுள்ள அணிகள் சிறந்த கல்லூரி வீரர்களை அள்ளிச் சென்றதால் ஏழை அணிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-இல் ஒரு யோசனை சொன்னார்: முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணி முதல் ஆளைத் தேர்ந்துகொள்ளட்டும்; முதலிடம் பெற்ற அணி கடைசியில் தேரட்டும்.

இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. நீராவி எந்திரத்தின் வேகம் மிஞ்சினால் ‘கவர்னர்’ ஆவி வரும் வழியைக் குறுக்குகிறது; வேகம் குறைந்தால் வழியை அகலத் திறக்கிறது. இதை எதிர்ப் பின்னூட்டம் என்கிறோம். டிராஃப்டும் அப்படிப்பட்ட ஒரு கவர்னரே.

1936 பிப்ரவரி 8-ஆம் நாள் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள் கலந்துகொண்டன. சுமார் 90 பெயர்கள் கரும்பலகையில் எழுதப்பட்டிருந்தன. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். வேடிக்கை என்னவென்றால், அவர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார். பெயரை எழுதுவது எளிது, ஆளை அறிவது கடினம் என்பது முதல் நாளே விளங்கிவிட்டது. 1946-இல் ராம்ஸ் அணி எடி கோட்டல் என்பவரை, ஊர் ஊராகச் சென்று வீரர்களைப் பார்த்து வரும் முழுநேர வேலைக்கு அமர்த்தியது.

இம்முறையிலும் குறைகள் உண்டு. கடைசி இடத்துக்குப் பரிசு இருந்தால் வேண்டுமென்றே தோற்கத் தோன்றாதா? இதைத் தடுக்கவே அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் 1985-இல் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. எந்த ஊரில், யாருக்காக ஆடுவது என்று வீரர் தாமே முடிவு செய்ய முடியாது என்பது இன்னொரு குறை.

இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014-இல் இந்த முறை மும்பை வழியாக நம் கால்பந்தாட்டத்துக்கும் வந்தது. 2015-இல் முன்னணி வீரர்கள் சிலர் ஏலத்தில் விடப்பட்டனர். சுனில் சேத்ரியை மும்பை அணி 1.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2017-இல் நடந்த டிராஃப்டில் முதல் பெயர் கேரளத்தின் அனஸ் எடத்தொடிகா. இளமையில் ஆட்டோ ஓட்டியவர். முதலிடத்தில் அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது 30! அதற்குப் பின் டிராஃப்ட் கைவிடப்பட்டது. அணிகள் வீரர்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

அளவுகோல் ஏமாற்றும் இடங்கள்

‘திறமையை அளந்துவிட்டால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். அளக்கலாம், ஆனால் எதை அளக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

இருவர் 30 மீட்டரை 4.4 வினாடியில் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் ஒன்றே. ஆனால் முதல் 10 மீட்டரை ஒருவன் 1.8 வினாடியிலும் மற்றவன் 2.0 வினாடியிலும் கடக்கிறான். வினாடிக்கு 10 மீட்டர் செல்லும் பந்து அந்த 0.2 வினாடியில் 2 மீட்டர் போய்விடும். கோல் விழுவதும் தப்புவதும் அந்த 2 மீட்டரில் இருக்கலாம். ஆகவே முடுக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பிறந்த தேதி. வயது வரம்பு ஜனவரி முதல் நாளில் தொடங்கினால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பன்னிரண்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் உயரத்திலும் வலுவிலும் தெரியும். தேர்வாளர் வளர்ச்சியைத் திறமை என்று எண்ணிவிடுகிறார். கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் துணைவர்களும் 1985-இல் பனி ஹாக்கி வீரர்களிடம் இதைக் காட்டினார்கள்: ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் மிகுந்திருந்தனர். கால்பந்தாட்டத்திலும் பின்னர் இதே போக்கு காணப்பட்டது.

வயதைக் குறைத்துச் சொல்பவர்களைப் பிடிக்க மணிக்கட்டை எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கிறார்கள். வளரும் எலும்பின் முனையருகே குருத்தெலும்புத் தட்டு உண்டு. எக்ஸ் கதிர் அதை எளிதில் ஊடுருவும். சுண்ணாம்புச் சத்து ஏறிய எலும்பு கதிரைத் தடுக்கும். எனவே வளரும் பருவத்தில் படத்தில் ஓர் இடைவெளி தெரியும். வளர்ச்சி முடிந்தால் அது மறையும். இது மதிப்பீடே தவிர பிறப்புச் சான்றிதழ் அன்று. விரைவாக வளர்ந்த நேர்மையான சிறுவனும் இதில் சிக்கக் கூடும்.

கருவிக்கு எளிதில் அகப்படாத திறமைகளும் உண்டு. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் முதலில் முன்கள ஆட்டக்காரராகத்தான் தொடங்கினார். அவருக்குள் ஒரு கோல்காப்பாளர் இருந்ததை ஓட்ட நேரத்தை அளந்து கண்டுபிடித்திருக்க முடியுமா?

காரைக்காலில் என்ன செய்யலாம்?

காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடு. ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. இங்கே ஆடும் இளைஞன் சந்தோஷ் கோப்பைக்குச் செல்வதென்றால், பக்கத்திலுள்ள நாகப்பட்டினத்துப் பையனோடு ஒரே அணியில் போவதில்லை. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரியின் அணியில் இடம் பிடிக்க வேண்டும். டிராஃப்ட், ஏலம், ஒப்பந்தம் எதுவானாலும் அது பட்டியலில் உள்ள பெயர்களையே பங்கிடும். பட்டியலுக்கு வெளியே இருப்பவனுக்கு எந்த முறையும் உதவாது. தேர்வு முறைகளின் வரலாறு நமக்குச் சொல்வது இதைத்தான்.

ஆகவே முதல் வேலை பெயரைப் பட்டியலில் ஏற்றுவது. அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு நிறுத்துக் கடிகாரம், ஓர் அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு மாணவனின் பிறந்த தேதி, உயரம், 10 மீட்டர் நேரம், 30 மீட்டர் நேரம் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடற்பயிற்சி ஆசிரியர் குறித்து வரட்டும். இரண்டு ஆண்டுகள் சென்றால், இன்று குள்ளமாக இருப்பவன் எவ்வளவு முன்னேறுகிறான் என்பது தெரிந்துவிடும். மாணவிகளுக்கும் இதே நோட்டு வேண்டும்.

பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. பெரிய அணியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் தேர்வாளர் அல்லர். உண்மையான தேர்வாளர் முதலில் கேட்பது பையனின் ஆட்டத்தைப் பார்க்கத்தான். அவர் வரும் நாளில் காட்டுவதற்கு மைதானத்தில் ஓர் ஆட்டமும், ஆசிரியர் கையில் அந்த நோட்டும் இருக்கட்டும்.