எதிராளியின் முறையில் எண்ணியதை நினைவில் வைத்தல்

சதுரங்கத்தில் எதிராளி யோசிக்கும்போது நாமும் யோசிக்கிறோம். அப்போது கணக்கிட்ட நகர்வுகளை நம் முறை வரும்வரை மறவாமல் வைத்திருப்பது எளிதன்று. தாளில் குறிப்பெழுத விதி இடம் தருவதில்லை; காயைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. எங்கள் மாரியூர்ப் பக்கத்தில் மணலில் கட்டம் கீறி ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில், மறந்தாலும் சுற்றி நிற்பவர் எடுத்துக் கொடுப்பார்கள். சதுரங்கத்தில் அந்தத் துணையும் கிடையாது.

பள்ளியில் சதுரங்கம் பழக்கிய ஆண்டுகளில் நான் கண்ட பிழை பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளை நான்கைந்து நகர்வுகளைச் சரியாகவே எண்ணியிருப்பான். எதிராளி எதிர்பாராத காயை நகர்த்தியதும் கணக்கு கலைந்துவிடும். அல்லது பழைய கணக்கையே புதிய நிலைக்கும் பொருத்திக் குதிரையை இழப்பான்.

இவ்வகை நினைவுக்குத் தமிழில் நெடிய பயிற்சி மரபு உண்டு. அது அவதானம், இக்காலத்தில் கவனகம் என்கிறோம். இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். பாடல் புனைதல், கணக்குக்கு விடை சொல்லுதல், முதுகில் எறியப்படும் நெல்லையும் கல்லையும் எண்ணுதல் ஆகியவற்றோடு சதுரங்கமும் சொக்கட்டானும் அவதானத்தில் இடம்பெற்றவை. ஒருவர் காயை நகர்த்துவார். அதற்கு மறு நகர்வு சொல்வதற்குள் இன்னொருவர் ஈற்றடி கொடுப்பார். இடையிலேயே நெல் வந்து விழும். அவதானி ஒவ்வொன்றையும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். எதிராளியின் முறை முழுவதும் வேறு வேலைகளால் நிரம்பியிருப்பதால், சதுரங்க வீரரின் சிக்கல் இங்கே பல மடங்காகிறது.

ஐரோப்பாவில் இச்சிக்கலைக் கூர்மையாக்கியது கடிகாரம். 1851 லண்டன் போட்டியில் நேர வரம்பே இல்லை. 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மணற்கடிகாரம் வைத்து ஆடினர். 1883 லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. அதன்பின் எதிராளியின் நேரம் நமக்குச் செலவில்லாத நேரமாயிற்று. அதை எப்படிப் பயன்படுத்துவது? 1948இல் உலக வாகையரான பொட்வின்னிக் சொன்ன வழி தெளிவானது. தன் கடிகாரம் ஓடும்போது நகர்வுத் தொடர்களைக் கணக்கிட வேண்டும்; எதிராளியின் கடிகாரம் ஓடும்போது பொதுவான நிலையை எடைபோட வேண்டும். எந்தச் சிப்பாய் பலவீனம், எந்தக் காய் முடங்கிக் கிடக்கிறது, எதைப் பரிமாறிக்கொள்வது நல்லது என்பன போன்றவை. எதிராளி எதை ஆடினாலும் இவை பெரும்பாலும் செல்லுபடியாகும். மறக்கவும் மறக்காது.

ஏன் மறப்பதில்லை என்பதற்கு உளவியல் பின்னர் விடை தந்தது. நெதர்லாந்தின் டி கிரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த வீரர்கள் சில விநாடிகளே கண்ட பலகையைப் பெரும்பாலும் பிழையின்றி அடுக்கிக் காட்டினர். 1973இல் அமெரிக்காவில் சேஸும் சைமனும் காய்களைத் தாறுமாறாக வைத்துச் சோதித்தபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்களது நினைவு தனித்தனிக் காய்களைப் பற்றியதன்று, பொருளுள்ள கூட்டங்களைப் பற்றியது. திருக்குறளைப் பொருள் தெரிந்து படித்த மாணவனுக்கு ஒரு சீர் மறந்தாலும் மற்றது கைகொடுப்பதைப் போன்றது இது. ஆகவே தொடரை அப்படியே மனப்பாடம் செய்வதைவிட, "இந்தத் தியாகம் செல்லாது, யானை வழியை மறிக்கிறது" என்று முடிவையும் காரணத்தையும் சேர்த்து நிறுத்திக்கொள்வதே பயன் தரும். யானை நகர்ந்தால் அந்தக் கணக்கை மட்டும் மீண்டும் பார்த்தால் போதும்.

சோவியத் வீரர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. நகர்வை முதலில் எழுதிவிட்டு, புதிய கண்ணோடு பலகையை ஒருமுறை பார்த்தபின் ஆடுவது. ப்ளூமென்ஃபெல்டின் அறிவுரை இது. 2005 முதல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முன்கூட்டி எழுதுவதைத் தடை செய்தது. என் பார்வையில் இது பிள்ளைகளுக்கு ஓர் இழப்பே, எழுதிய தாள் குறிப்பாகிவிடும் என்ற வாதம் நியாயமானதாயினும்.

சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பயின்றார். அங்கே விரைவாட்டத்தில் வென்றவர் இருக்கையிலேயே இருப்பார்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். முறை வரும்வரை நின்றபடி பிறர் ஆட்டத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பதே அவ்வரிசையில் நின்றவர்களின் வேலை.